அபாயகால நிலையங்களும் உள்ளூர் உத்தியோகமும்

தாலூகாத் தலைநகர் ஒன்றில் புதிதாகத் தீயணைப்பு நிலையம் அமைக்கப்படும் என்று சட்டசபையில் மானியக் கோரிக்கையின்போது அறிவிக்கப்பட்டால், அந்தப் பிரதேசத்து ஜனங்கள் அதைக் கல்லூரி, ஆஸ்பத்திரி, பேருந்து நிலையம் முதலியவற்றின் வரிசையில் வைத்துத் தம் ஊருக்குக் கிடைத்த கௌரவமாகக் கருதி மகிழ்வதும், அஸ்திவாரக் கல் நாட்டப்படும் நாளில் திரளாகக் கூடுவதும், கட்டடம் எழும்பிச் சிவப்பு வண்டி வந்து நின்றதும் காரியம் நிறைவேறிவிட்டதாக எண்ணித் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவதும் பல ஆண்டுகளாக நாம் கண்டுவரும் வழக்கம். அந்தக் கட்டடத்துக்குள் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்கள் எந்த ஊரார், அவர்களுடைய வேலை நிரந்தரமானதா, நள்ளிரவில் மணி அடித்தால் வண்டியில் ஏற ஆள் இருக்குமா என்பன போன்ற கேள்விகளை அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை. அபாய காலத்துக்கென்று சர்க்கார் செலவிடும் பணத்தின் பலன், அது எழுப்புகிற சுவர்களைக் காட்டிலும், அந்தச் சுவர்களுக்குள் அது நிலையாக அமர்த்துகிற உள்ளூர் மனிதர்களையே பெரிதும் பொறுத்தது என்பது என் துணிபு. தமிழ்நாட்டு அனுபவத்தை முதன்மையாகவும், ஒடிஸா, கேரளம் ஆகிய மாநிலங்களின் அனுபவத்தைத் துணையாகவும் கொண்டு இதை ஆராய முற்படுகிறேன்.

சென்னை நகரில் தீயணைப்புப் படை என்று ஒன்று 1908 இல் தோன்றியது. துறைமுகமும் பண்டகசாலைகளும் உள்ள நகரங்களுக்கே இப்படிப்பட்ட படை அவசியம் என்ற எண்ணம் அக்காலத்து நிர்வாகிகளிடம் வேரூன்றியிருந்தபடியால், உள்நாட்டு ஊர்கள் வெகு காலம் கிணற்றையும் குளத்தையும் மண்ணையுமே நம்பி இருந்தன. 1944 ஏப்ரல் 14 ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றிவந்த ‘போர்ட் ஸ்டைக்கீன்’ என்னும் கப்பல் தீப்பற்றி வெடித்தபோது, அதை அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் 66 பேர் உயிர் துறந்தனர். அவர்கள் நினைவாகவே இன்றும் ஆண்டுதோறும் அத்தேதி தொடங்கி ஒரு வாரம் தீத்தொண்டு வாரமாக நாடெங்கும் அனுசரிக்கப்படுகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1956 இல் தேசியத் தீயணைப்புக் கல்லூரி ஏற்பட்டு, மறு ஆண்டே நாகபுரிக்கு மாற்றப்பட்டது. தமிழ்நாட்டுத் தீயணைப்புச் சட்டம் 1985 இல் வந்தது. இன்று இம்மாநிலத்தில் 350க்கு மேற்பட்ட தீயணைப்பு நிலையங்கள் உள்ளன. நகரத்துக்கு மட்டும் உரியதாக இருந்த ஒரு ஸ்தாபனம் தாலூகாக்கள் வரை பரவிய கதை இது. நம் மாநிலம் இதில் பெருமை கொள்ளலாம்.

ஆபத்துக் காலமும் அரசாங்கச் செலவும் ஜீவனோபாயமும் ஒன்றோடொன்று பிணைந்தது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், பசியால் நொந்த ஜனங்களுக்குக் கூலி கொடுக்கும் பொருட்டுச் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாயின் பகுதி வெட்டப்பட்டது. கால்வாய் நின்றது; கூலி பெற்றவர்களோ பஞ்சம் ஓய்ந்ததும் கலைந்துபோனார்கள். ஆபத்து வந்த பிறகு வேலை கொடுப்பது ஒரு தர்மம். ஆபத்து வருமுன் வேலை கொடுத்து ஆட்களைத் தயாராக வைத்திருப்பது வேறொரு தர்மம். முதலாவதை நம் சர்க்கார்கள் நூற்றைம்பது ஆண்டுகளாகச் செய்து பழகியிருக்கின்றன. இரண்டாவதில்தான் கை இன்னும் தயங்குகிறது.

தூரம் என்பது அபாய காலத்தில் நேரமாகவும், நேரம் என்பது உயிராகவும் மாறிவிடுகிறது என்பதை விளக்க நெடிய தர்க்கம் தேவையில்லை. தீயணைப்பு வண்டி நகர்ப்புறத்தில் 5 முதல் 7 நிமிஷங்களுக்குள்ளும் கிராமப்புறத்தில் 20 நிமிஷங்களுக்குள்ளும் சம்பவ இடத்தை அடைய வேண்டும் என்பது மத்திய அரசின் தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த அளவுகோல். கூரை வீடு ஒன்று தீப்பற்றிச் சாம்பலாக இருபது நிமிஷம் தாராளமாகப் போதும் என்பதை அறிந்தவர்கள், கிராமத்துக்கு வகுக்கப்பட்ட அந்த எல்லையே எத்துணைத் தாராளமானது என்பதை உணர்வார்கள். அந்த எல்லைக்குள்ளும் வந்து சேர முடியாத கிராமங்கள் மலையடிவாரங்களிலும், கடற்கரைத் தீவுத் திடல்களிலும், காவிரிக் கடைமடையிலும் எத்தனையோ உள்ளன.

2019 அக்டோபர் 25 ஆம் தேதி மாலை, மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு ஒன்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்துவிட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. உள்ளூர்த் தீயணைப்பாளர்கள் முதலில் வந்தார்கள். மதுரை முதலிய இடங்களிலிருந்து தாமே கருவி செய்து வைத்திருந்த தனிமனிதர்கள் வந்தார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினரோ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அரக்கோணத்திலிருந்து வர வேண்டியிருந்தது. நான்கு நாள் கழித்து உயிரற்ற உடலே மீட்கப்பட்டது. அரக்கோணத்துப் படையினரின் திறமையிலோ தியாகத்திலோ ஒரு குறையும் இல்லை. 2005 ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2006 இல் உருவான அப்படை, நாடெங்கும் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்த சிறந்த படை. ஆனால் ஆழ்துளைக் கிணறு என்பது வறட்சி மிகுந்த நம் உள்மாவட்டங்களின் அன்றாட அபாயம். அதற்குரிய கருவியும் அதைக் கையாளத் தெரிந்த ஆளும் கிணறுகள் உள்ள பூமியிலேயே இருந்திருக்க வேண்டும். எந்தப் பிரதேசத்துக்கு எந்த ஆபத்து உரியதோ, அந்த ஆபத்துக்கேற்ற நிலையம் அந்தப் பிரதேசத்தில் அமைவதே நியாயம்.

நீலகிரியில் நடந்த இன்னொரு சம்பவம் இதைக் காட்டிலும் தெளிவாக ஒன்றைப் போதிக்கிறது. 2021 டிசம்பர் 8 ஆம் தேதி, குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் பயணம் செய்த ராணுவ ஹெலிகாப்டர் மரங்களில் மோதி விழுந்து எரிந்தபோது, முதலில் ஓடிச் சென்றவர்கள் அந்தச் சிற்றூரின் தோட்டத் தொழிலாளர்களும் கூலி வேலை செய்வோருமே. குடங்களில் தண்ணீர் எடுத்துச் சென்று ஊற்றியும், தம் வீட்டுப் போர்வைகளிலும் கம்பளிகளிலும் காயமுற்றோரைக் கிடத்தித் தூக்கி வந்தும் அவர்கள் செய்த தொண்டைப் பின்னர் ராணுவமே பாராட்டியது. தீயணைப்பு வண்டி அந்த இடம்வரை செல்லப் பாதை இல்லை. நாட்டின் மிக உயர்ந்த ராணுவ அதிகாரிக்கே முதலுதவி செய்ய அங்கே கிடைத்தவர்கள், பயிற்சியும் கருவியும் சம்பளமும் அற்ற அந்தக் குடியானவர்கள்தாம் என்றால், அந்த மலைச் சரிவில் வாழும் மற்றவர்களின் கதி என்ன என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். எந்த ஆபத்திலும் முதல் அரை மணி நேரம் அக்கம்பக்கத்தாருக்கே உரியது. அந்த அரை மணி நேரத்தில் நிற்கிறவர்களைத் தயார் செய்வதே பிரதேச அபாயகால முதலீட்டின் முதற் கடமை.

தயார் செய்யாமல் விட்டால் விளையும் கேட்டுக்கு முதலிப்பட்டி சாட்சி. 2012 செப்டம்பர் 5 ஆம் தேதி சிவகாசியை அடுத்த அவ்வூரில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்தபோது மாண்டவர்களில் ஆலைத் தொழிலாளர்கள் மட்டுமல்லாமல், முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஓடி வந்தவர்களும் பலர் இருந்தனர். இரக்கம் இருந்தது; ஆனால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எந்த அறை அடுத்து வெடிக்கும், எவரை முதலில் அப்புறப்படுத்த வேண்டும் என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் பயிற்சி பெற்றவர் போதிய அளவில் இல்லை. பட்டாசுத் தொழிலால் ஜீவிக்கும் ஒரு பிரதேசத்தில், ஒவ்வொரு கிராமத்திலும் அந்தத் தொழிலின் மருந்துக் கலவைகளை அறிந்த நாலைந்து பேர் அபாயகாலப் பணியில் சம்பளத்தோடு அமர்த்தப்பட்டிருந்தால், அவ்விரக்கமே பல உயிர்களைப் பறித்துச் சென்றிருக்காது என்று நம்புகிறேன்.

2018 மார்ச் 11 இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் 23 பேர் பலியானபோதும், செங்குத்தான பாறைகளில் முதலில் ஏறிச் சென்று, காயமுற்றோரைத் தோளில் சுமந்து வந்தவர்கள் அம்மலைக் கிராமவாசிகளே. காட்டின் ஒற்றையடிப் பாதையும், காற்றின் திசையும், எந்தப் புல் எப்போது பற்றும் என்ற அறிவும் அவர்களுக்குப் பிறப்பிலேயே வருவன. வனத்துறை கோடைகாலத்தில் இவர்களைப் போன்ற மலைவாசிகளைத் தீத்தடுப்புக் காவலர்களாகச் சில மாதங்களுக்கு அமர்த்திக்கொள்கிறது. மழை வந்ததும் அந்த வேலை போய்விடுகிறது. பன்னிரண்டு மாதச் சம்பளம் கொடுத்தால், அவர்கள் மழைக்காலத்தில் தீத்தடுப்புக் கோடுகளைப் பராமரிக்கவும், நிலச்சரிவுக்குக் காவல் இருக்கவும், களைச்செடிகளை அகற்றவும் முடியும். மலையில் ஆபத்து இல்லாத பருவம் ஏது?

கடற்கரைப் பக்கம் வருவோம். இவ்விஷயத்தில் நம்முடைய சரித்திரம் மிகுந்த துயரம் நிரம்பியது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஒரே இரவில் அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயில் பயணிகளோடு கடலில் மறைந்தது. 1977 நவம்பரில் ஆந்திராவின் திவிசீமையில் ஏறத்தாழ பதினாயிரம் பேர் மாண்டனர். 1999 அக்டோபர் 29 இல் ஒடிஸாவைத் தாக்கிய பெரும்புயலிலும் அதே அளவு உயிர்ச்சேதம். 2004 டிசம்பர் 26 ஆம் தேதி ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும் ஏறத்தாழ 6,000 உயிர்களை இழந்தது. அன்று உடல்களை எடுத்து அடக்கம் செய்தவர்களும், உயிர் தப்பியவர்களுக்கு அன்னமிட்டவர்களும் அக்கம்பக்கத்து ஊரார்களே. பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாஅத்தினர் மீனவக் குடும்பங்களுக்குச் சமைத்துப் போட்ட செயலைக் கடலூர்க் கரை இன்னும் மறக்கவில்லை.

இந்த நான்கு ஆபத்துகளில் ஒடிஸா கற்றுக்கொண்ட விதம் தனியே ஆராயத் தக்கது. அந்தப் பெரும்புயல் ஓய்ந்த இரண்டே மாதத்தில் அம்மாநிலம் பேரிடருக்கென்று தனி அதிகார அமைப்பை ஏற்படுத்தியது. நாட்டில் முதன்முதலாக மாநில அளவிலான மீட்புப் படையைத் தன் போலீஸாரிலிருந்தே உருவாக்கிப் பல மாவட்டங்களில் பிரித்து நிறுத்தியது. கடலோரத்தில் 800க்கு மேற்பட்ட புயல் பாதுகாப்பு இல்லங்களைக் கட்டியது. அவற்றுள் பல, சாதாரண நாளில் பள்ளிக்கூடங்களாக நடக்கின்றன. இதனினும் முக்கியம், அந்த இல்லங்களின் நிர்வாகம் கிராமத்தாரின் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டதும், தேடி மீட்கவும் முதலுதவி செய்யவும் அந்தக் கிராமத்து இளைஞர்களுக்கே பயிற்சி அளிக்கப்பட்டதும் ஆகும். 2019 மே மாதத்தில் ‘பானி’ புயல் பூரிக் கரையைத் தாக்கியபோது, 12 லட்சம் ஜனங்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டார்கள். பலியானவர் தொகை 64. இருபது ஆண்டுகளில் பதினாயிரம் என்பது நூற்றுக்குள் சுருங்கியது. எச்சரிக்கை விஞ்ஞானம் வளர்ந்தது இதற்கொரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வானொலியும் கைப்பேசியும் எத்தனை முறை எச்சரித்தாலும், வீட்டையும் மாட்டையும் விட்டு வர மறுக்கும் கிழவியைக் கைபிடித்து அழைத்து வர, அவளுக்குப் பேரன் முறையாகிற ஓர் இளைஞன் வேண்டும். வெளியூர்ப் படையினன் சொன்னால் அவள் அசைய மாட்டாள்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களில் உலக வங்கியின் கடனுதவியையும் கொண்டு பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. இப்போது 121 மையங்கள் என்று ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின்போதும் அரசாங்கம் கணக்குச் சொல்கிறது. தூண்கள்மேல் உயர்ந்து நிற்கும் அந்தக் கட்டடங்கள் உறுதியானவை. புயல் நாட்களில் பயன்பட்டும் இருக்கின்றன. அவற்றுக்கென்று ஆண்டு முழுவதும் சம்பளம் பெறுகிற உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர், தண்ணீர் மோட்டாரையும் ஜெனரேட்டரையும் கழிப்பறைகளையும் மாதந்தோறும் ஓட்டிப் பார்ப்பவராக, அந்தக் கிராமத்தில் ஊனமுற்றோர் எத்தனை பேர், கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்று பட்டியல் வைத்திருப்பவராக இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. மையம் ஒன்றுக்கு இருவர் என்றாலும் 242 பேர். ஒரு மாநிலத்தின் பொக்கிஷத்துக்கு இது பெரிய பாரமா?

கேரளத்து மீனவர்கள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் செய்ததை இங்கே குறிப்பிடாமல் செல்ல இயலாது. தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்து, ஏறத்தாழ 65,000 பேரைக் காப்பாற்றினார்கள். அதற்கு முந்திய ஆண்டு, 2017 நவம்பர் 30 இல், ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மீனவர்களும் கேரள மீனவர்களும் ஆழ்கடலில் சிக்கியபோது, தேடிச் செல்ல அருகில் ஹெலிகாப்டர் தளம் இல்லையே என்று கரையில் நின்ற குடும்பங்கள் கதறின. பல இடங்களில் மீனவர்களே தம் படகுகளில் திரும்பவும் கடலுக்குள் சென்று தேடினார்கள். கேரள அரசு, கடலோரப் போலீஸில் மீனவக் குடும்பத்து இளைஞர் ஏறத்தாழ 200 பேரைக் காவலராக அமர்த்த முற்பட்டது. வெள்ளத்துக்குப் பின் தன் 124 தீயணைப்பு நிலையங்களில் நிலையத்துக்கு 50 பேர் வீதம் 6,200 தொண்டர்களைச் சேர்த்தது. மத்திய அரசும் ‘ஆப்த மித்ரா’ என்ற பெயரில் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தொண்டர்களுக்குப் பயிற்சி தரும் திட்டத்தை 2021 இல் விரிவுபடுத்தியது. இம்முயற்சிகள் போற்றத் தக்கன. ஆயினும் தொண்டும் உத்தியோகமும் ஒன்றல்ல. பயிற்சி பெற்ற தொண்டன் பிழைப்புக்காகத் திருப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ போய்விட்டால், அவனுக்குக் கொடுத்த பயிற்சியும் அவனோடு போய்விடுகிறது. ஓர் இளைஞனைத் தன் ஊரிலேயே இருக்கச் செய்யும் சக்தி மாதச் சம்பளம் ஒன்றுக்கே உண்டு.

இனிப் பணத்தைப் பற்றி. அரசியல் சாசனத்தின் 12 ஆம் அட்டவணை தீயணைப்பை நகராட்சிகளின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. நடைமுறையில், நம் மாநிலத்தில் அது மாநில அரசின் துறை. 15 ஆவது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதிகளுக்காக 1,60,153 கோடி ரூபாயை வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கை ஆபத்தைத் தணிப்பதற்கென்று ஒதுக்கியது; தேசிய நிதியிலிருந்து 5,000 கோடி ரூபாயைத் தீயணைப்புத் துறைகளை விரிவுபடுத்தி நவீனப்படுத்துவதற்கென்று தனியே வைத்தது. நிவாரணத்துக்கு மட்டுமே பணம் தந்துகொண்டிருந்த பழைய முறையிலிருந்து இது ஒரு பெரிய மாறுதல். அக்கமிஷனின் தீர்க்கதரிசனத்தை வாழ்த்துகிறேன். ஆனால் அந்தப் பணம் கட்டடமாகவும், வண்டியாகவும், கருவியாகவும், பயிற்சியாகவும் வருகிறது. வண்டியை ஓட்டுகிறவனுடைய மாதச் சம்பளமும், அவன் ஓய்வு பெறும்போது தர வேண்டியதும் மாநிலத்தின் வருவாய்க் கணக்கில் ஆண்டுதோறும் எழுதப்பட வேண்டியவை. மூலதனச் செலவு வளர்ச்சி என்றும், சம்பளச் செலவு சுமை என்றும் பெயர் பெற்றுவிட்ட இக்காலத்தில், நிதித்துறை முன்னதைக் கேட்டதும் கொடுக்கிறது. பின்னதைக் கேட்டால் கோப்பைத் திருப்பி அனுப்புகிறது.

கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போம். வண்டி ஒன்றில் எந்நேரமும் ஆறு பேர் இருக்க வேண்டுமானால், ஆறு பணியிடங்கள் போதா. ஒரு நாள் பணி, ஒரு நாள் ஓய்வு என்று வைத்தால் பன்னிரண்டு பேர். விடுப்பு, பயிற்சி, நோய், கோர்ட்டில் சாட்சி, திருவிழாப் பந்தோபஸ்து ஆகியவற்றுக்கு ஈடு செய்யப் பதினைந்து பேருக்குக் குறையாமல் வேண்டும். அவர்களில் நாலைந்து இடங்கள் காலியாக விடப்பட்டால், வெளியே பார்ப்பவர்களுக்கு நிலையம் அப்படியே இருக்கிறது. வண்டியும் பளபளவென்று நிற்கிறது. ஆனால் வண்டியில் ஏறுகிறவர்கள் நால்வர், அல்லது மூவர். ஓட்டுநர் பம்பை இயக்கியாக வேண்டும். ஒருவர் ஹோஸின் முனையைப் பிடிக்க வேண்டும். மூவரே ஏறியிருந்தால், எரிகிற வீட்டுக்குள் போக எஞ்சியிருப்பவர் ஒருவரே. தனியாக உள்ளே போகக் கூடாது என்பது அத்தொழிலின் பால பாடம். போகாமலிருக்க அவர் மனம் இடம் கொடுப்பதில்லை.

தீயணைப்பாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 18,200 ரூபாய். பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சை எழுதி இதில் சேரலாம். மழை பொய்த்தால் வேலை இல்லாத இராமநாதபுரம், திருவாடானை, முதுகுளத்தூர் போன்ற இடங்களில், இப்படிப்பட்ட பதினைந்து சம்பளங்கள் மாதந்தோறும் தவறாமல் வந்து இறங்குவது சிறிய விஷயமன்று. அச்சம்பளம் அந்த ஊர் மளிகைக் கடையிலும், வாடகை வீட்டிலும், பள்ளிக்கூடக் கட்டணத்திலும், தங்கையின் கல்யாணத்திலும் செலவாகிறது. பெரிய ஆலை ஒன்றைக் கொண்டுவரச் சலுகைகள் பலவும் அளித்து, அவ்வாலை வந்த சில ஆண்டுகளில் வேறிடம் பெயர்ந்துவிடுகிற அவலத்தைப் பார்க்கும்போது, பெயர்ந்து போகாத இச்சிறு ஸ்தாபனங்களின் அருமை விளங்கும். கட்டட வேலை நடக்கும் ஓராண்டில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கிடைக்கும் கூலியை மட்டும் காட்டி, இத்தனை பேருக்கு வேலை வாய்ப்பு என்று அறிக்கை விடுவது போதாது. அக்கூலி அவசியமானதுதான், ஆனால் நிலையத்தின் ஆயுள் ஐம்பது ஆண்டு.

108 ஆம்புலன்ஸ் சேவை இவ்விடத்தில் தனிக் கவனத்துக்குரியது. 2005 இல் ஹைதராபாதில் தொடங்கிய அந்த ஏற்பாடு, 2008 செப்டம்பர் 15 இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. சாலை விபத்தில் 2022 ஆம் ஆண்டில் மட்டும் 17,884 பேரை இழந்த நம் மாநிலத்தில் அச்சேவை இல்லாதிருந்தால் அத்தொகை எவ்வளவாக உயர்ந்திருக்கும் என்று எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது. வண்டியை ஓட்டுபவரைப் பைலட் என்றும், உள்ளே நோயாளியைக் கவனிப்பவரை மருத்துவ உதவியாளர் என்றும் அழைக்கிறார்கள். செவிலியர் படிப்போ அறிவியல் பட்டமோ பெற்ற கிராமத்துப் பெண்கள் பலர் இவ்வேலையில் இருக்கிறார்கள். ஓடும் வண்டியில் பிரசவம் பார்ப்பதும், மார்பை அழுத்தி நின்ற இதயத்தை மீண்டும் துடிக்கச் செய்வதும் இவர்களுக்கு அன்றாடக் காரியம். அவ்வளவு செய்பவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஒரு நிறுவனத்தின் பணியாளர்கள். பன்னிரண்டு மணி நேரப் பணியைக் குறைக்க வேண்டும், பணியை நிரந்தரமாக்க வேண்டும் என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். விரைவாக ஓர் ஏற்பாட்டை நிறுவ ஒப்பந்த முறை உதவியிருக்கலாம்; நிறுவிப் பல ஆண்டுகள் சென்ற பின்னும், உயிர்காக்கும் தொழிலில் அனுபவம் முதிர்ந்தவர் வேறு வேலை தேடிப் போகும்படி விடுவது, அந்த அனுபவத்துக்கு ஜனங்கள் கொடுத்த விலையை வீணாக்குவதாகும்.

இவ்வாதத்துக்கு மூன்று ஆட்சேபங்கள் கூறப்படுகின்றன. ஆபத்து இல்லாத நாளில் இவர்கள் சும்மா இருந்து சம்பளம் வாங்குவார்கள் என்பது ஒன்று. இதற்குக் கும்பகோணம் விடை சொல்லும். 2004 ஜூலை 16 ஆம் தேதி சமையற்கூடத்திலிருந்து தாவிய தீயால் கூரை வேய்ந்த பள்ளியில் 94 குழந்தைகள் கருகி மாண்ட அந்நகரம் தீயணைப்பு நிலையம் உள்ள நகரம்தான். அங்கே இல்லாமற்போனது, அதற்கு முந்திய பல நாட்களில், அமைதியான நாட்களில், செய்யப்பட வேண்டிய பரிசோதனை: கூரை என்ன, வாசல் எத்தனை, மாடிப்படி எவ்வளவு அகலம், அடுப்பு எங்கே என்று ஒருவர் உள்ளே சென்று பார்த்து, இங்கே பிள்ளைகளை வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டிருக்க வேண்டும். ஆபத்து இல்லாத நாளே இத்தொழிலின் உண்மையான வேலை நாள். அந்த வேலைக்கு ஆள் வேண்டும். அந்த ஆளின் சொல்லுக்கு அதிகாரமும் வேண்டும்.

உள்ளூர்க்காரரை அமர்த்தினால் ஜாதியும் கட்சியும் சிபாரிசும் புகும் என்பது இரண்டாவது. இந்த அச்சம் நியாயமானது. இதை நான் இலேசாக எண்ணவில்லை. பரீட்சை மாநிலத்துக்குப் பொதுவாக நடக்கட்டும். தேறியவர்களில் அந்தந்த மாவட்டத்தாருக்கு அந்தந்த மாவட்டத்து நிலையங்களில் முதற் சில ஆண்டுகளைக் கழிக்க இடம் தரட்டும். கடலோரத்தில் நீச்சலுக்கும் படகோட்டும் அனுபவத்துக்கும், மலையில் காட்டறிவுக்கும் தனி மதிப்பெண் வைக்கட்டும். இப்படிச் செய்தால் தகுதிக்கும் குறைவு வராது. ஒடுக்கப்பட்ட மீனவர், மலைவாசி, பட்டாசுத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சீருடையும் கிடைக்கும். மூன்றாவது ஆட்சேபம் பணமின்மை. அதற்கு நான் மேலே சொன்ன கணக்கே போதும்.

வருகிற மானியக் கோரிக்கையின்போது, புதிய நிலையங்களின் எண்ணிக்கையையும் கட்டடச் செலவையும் அறிவிக்கும் அமைச்சர், அவற்றில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, அவற்றுள் அந்த மாவட்டத்தார் எத்தனை என்ற மூன்று தொகைகளையும் தாலூகா வாரியாகச் சேர்த்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திலும், 108 வண்டி நிற்கும் இடத்திலும், கடலோரமானால் பாதுகாப்பு மையத்திலும் காலியாக இருக்கும் இடங்கள் எத்தனை என்று விசாரித்து, அடுத்த கிராம சபையில் அதைத் தீர்மானமாக எழுதி அனுப்புங்கள்.